கயிற்றின் நீளம்: நாயைப் பழக்குவதன் எல்லை பற்றி

நாயைக் கீழ்ப்படியப் பழக்கும் வேலையை எவ்வளவு காலம் தொடர்வது என்னும் கேள்வி, நாய் வளர்ப்போர் தமக்குள் பேசி முடித்துக்கொள்ளக்கூடிய ஒரு நடைமுறைக் கேள்வியாகவே முதலில் தோன்றும். பயிற்சி அளிப்போரில் சிலர் மூன்று மாதம் என்பர், சிலர் ஒன்றரை ஆண்டு என்பர், வேறு சிலர் நாய் உயிரோடு இருக்கும் வரை என்பர். மூவருக்கும் அவரவர் அனுபவத்தில் ஆதாரம் இருக்கும். விடைகள் இவ்வளவு விலகி நிற்பதற்கு நாய்களின் இன வேறுபாடு மட்டுமே காரணமாக முடியாது. ஓர் உயிர் மற்றோர் உயிரின் விருப்பத்துக்கு எல்லை கட்டுகிறது. அக்கட்டை எப்போது தளர்த்துவது, எப்போது அவிழ்ப்பது என்பதையும் கட்டியவரே முடிவு செய்கிறார். கட்டுண்ட உயிரிடம் யாரும் கேட்பதில்லை. ஆகவே எவ்வளவு காலம் என்னும் கேள்வி, யாருக்காக, எதை நோக்கி, எந்த உரிமையில் என்னும் கேள்விகளையும் தன்னோடு இழுத்து வருகிறது. கட்டியவன், கட்டுண்டது, கட்டு என்னும் உறவை வைத்தே உயிரின் நிலையை விளக்கிய சைவ சித்தாந்தம் எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழில் வழங்கி வருவதால், இக்கேள்வியைத் தமிழில் ஆராய்வதற்குத் தனிப் பொருத்தம் உண்டு.

திருப்பூருக்குத் தெற்கே பல்லடம் சாலையை ஒட்டிய வீரபாண்டி, இக்கேள்வி அன்றாடம் எழக்கூடிய ஊர்களில் ஒன்று. பனியன் கம்பெனிகளும் சாயப்பட்டறைகளும், வெளியூர்த் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளும், புதிதாக மனை பிரித்து எழுந்த மாடி வீடுகளும், இன்னும் விற்கப்படாமல் எஞ்சியிருக்கும் தோட்டங்களும் அடுத்தடுத்து அமைந்த இவ்வட்டாரத்தில் நாயின் வாழ்க்கையும் அதற்கேற்பப் பிரிந்து கிடக்கிறது. தோட்டத்து நாய் பெரும்பாலும் அவிழ்ந்தே திரியும். அதற்கு யாரும் முறையாக எதையும் கற்பித்திருக்க மாட்டார்கள், ஆனாலும் ஆட்டுப்பட்டிக்கும் களத்துக்கும் இடையில் தன் வேலை இன்னதென்று அது அறிந்திருக்கும். மாடி வீட்டு லேப்ரடாருக்குக் காலையில் ஒரு மாஸ்டர் வந்து 'சிட்', 'ஸ்டே', 'கம்' என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார். கம்பெனி நாயின் கதை வேறு. கேட்டுக்கு உள்ளே, வாட்ச்மேன் அறையை ஒட்டி, பனியன் வேஸ்ட் மூட்டைகளின் நிழலில் அது சங்கிலியில் கிடக்கும். சங்கிலி எட்டும் தூரம் வரை மண் அரைவட்டமாகத் தேய்ந்து, புல் பூண்டு இல்லாமல் இறுகிப்போயிருக்கும். அவ்வட்டத்துக்கு ஒரு சாண் அப்பால் அருகம்புல் தழைத்திருக்கும். ஒன்றரை ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியேறும்போது அது குரைப்பதில்லை. அறியாதவர் வந்தால் குரைக்கும். அந்த அளவுக்கு அது பழக்கப்பட்ட நாய்தான். அதன் பயிற்சி முடிந்துவிட்டதா என்று கேட்டால், வேலைக்குத் தேவையான அளவில் முடிந்துவிட்டது என்றே முதலாளி சொல்வார். அந்த அரைவட்டம் அவ்விடையை ஏற்க விடுவதில்லை.

விலங்கின் நடத்தையை ஆராயும் அறிவியல், காலத்தைப் பற்றிச் சில தெளிவான செய்திகளைத் தருகிறது. குட்டி பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரையிலான பருவத்தில் அது காணும் மனிதரும் ஓசைகளும் பொருள்களும் பின்னாளில் அதற்கு அச்சமற்றவையாகின்றன. அப்பருவம் கடந்தபின் அதே வேலைக்குப் பன்மடங்கு பொறுமை தேவைப்படுகிறது. இங்கிலாந்தில் வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்பட்ட குட்டிகளை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, ஐந்தாம் மாதத்தில் சொன்னபடி உட்கார்ந்த குட்டி எட்டாம் மாதத்தில் தன்னை வளர்ப்பவரின் சொல்லை மட்டும் மீறுவதையும், அதே சொல்லை அயலார் சொன்னால் கேட்பதையும் காட்டியது. வயதுக்கு வரும் பருவத்தில் தோன்றிப் பின் தணியும் இம்மீறலைப் பயிற்சியின் தோல்வி என்று எண்ணித்தான் பலர் அடிக்கத் தொடங்குகின்றனர், அல்லது நாயைக் கைவிடுகின்றனர்; காப்பகங்களில் விடப்படும் வளர்ப்பு நாய்கள் பலவும் இந்த வயதினவே என்பது கவனிக்கத்தக்கது. நாள்தோறும் பயிற்சி பெற்ற நாயைவிட வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை பெற்ற நாய் குறைந்த எண்ணிக்கையிலான பாடங்களிலேயே கற்றுக்கொள்கிறது என்று டென்மார்க்கில் பீகிள் நாய்களை வைத்து நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. இடைவெளியும் கற்றலின் ஒரு பகுதியே. அதே சமயம், பரிசோ பாராட்டோ இல்லாமல் போன பழக்கம் மெல்ல மெல்ல மறைந்துவிடும் என்பதும் நிறுவப்பட்ட செய்தி.

பயிற்சி எங்கே முடிய வேண்டும் என்பதை மட்டும் அறிவியல் சொல்வதில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜான் பில்லி வளர்த்த சேசர் என்னும் பார்டர் கோலி நாய், மூன்று ஆண்டுகளில் 1,022 பொம்மைகளின் பெயர்களைக் கற்றதாக 2011-இல் வெளியான ஆய்வுரை கூறுகிறது. அந்த எண்ணோடு கற்பித்தல் நின்றதற்குக் காரணம் பில்லியின் நேரம் போதாமையே. நாயின் அறிவு அங்கே வற்றிவிடவில்லை. இயலும் வரை கற்பிக்கலாம் என்றால் முடிவே இல்லை. தேவை தீரும் வரை போதும் என்றால் கேட்டு நாயின் அரைவட்டத்தில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் அளவுகோலைத் தேடும் இடத்தில்தான் மெய்யியல் தொடங்குகிறது.

சைவ சித்தாந்தம் இறைவனைப் பதி என்றும், உயிரைப் பசு என்றும், உயிரைப் பிணித்திருக்கும் ஆணவம், கன்மம், மாயை என்னும் மூன்று மலங்களையும் சேர்த்துப் பாசம் என்றும் கூறும். பாசம் கயிறு, பசு அதில் கட்டுண்ட உயிர், பதி அதற்கு உடையவன். ஆயினும் ஆணவம் என்னும் முதற்கயிற்றை இறைவன் கட்டவில்லை என்பது இத்தத்துவத்தின் உயிர்நாடி. ஆணவம் தொடக்கமின்றியே உயிரைப் பற்றியது. அதைத் தளர்த்துவதற்காகவே இறைவன் கன்மத்துக்கு ஏற்ப உடலையும் உலகத்தையும் உயிருக்குக் கூட்டுகிறான். ஒரு கட்டை நீக்க மற்றொரு கட்டு எதற்கு என்னும் ஐயத்துக்கு, சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் துணி வெளுப்பவனைச் சான்றாகக் காட்டுகிறார்: துணியின் அழுக்கைப் போக்க அவன் சாணத்தையும் உவர்மண்ணையும் அதன்மேலேயே இடுகிறான்; அவையும் அழுக்கே, ஆனால் பழைய அழுக்கைப் பற்றிக்கொண்டு தாமும் வெளியேறிவிடும் அழுக்கு. சாயப்பட்டறைகள் நிறைந்த ஊரில் இதற்கு உரை தேவையில்லை. துணியில் ஏற்றிய சோடாவும் சோப்பும் அலசலில் முழுவதும் வெளியேறவில்லை என்றால், அத்துணியைச் சுத்தமான துணி என்று எவரும் ஏற்பதில்லை.

நாய்க்கு இடும் கழுத்துப்பட்டையும் கயிறும், கையில் காட்டும் பிஸ்கெட்டும், 'சிட்' என்னும் சொல்லும் இத்தகைய இரண்டாம் அழுக்குகளே. அச்சம், ஓடும் எதையும் துரத்தும் வெறி, உணவைக் கண்டால் தன்னை மறத்தல் என்னும் முதற்கட்டுகள் நாயோடு பிறந்தவை. அவற்றால் அது வண்டியில் அடிபடுகிறது, அயலாரைக் கடிக்கிறது, அடைத்து வைக்கப்படுகிறது. பயிற்சி என்னும் கட்டு அவற்றைத் தளர்த்துமானால் அதற்கு நியாயம் உண்டு. தளர்த்திய பின்னும் அது அப்படியே தங்கிவிட்டால், அலசப்படாத சோப்பைப் போல் அதுவே புதிய அழுக்காகிவிடுகிறது. பயிற்சியின் காலத்தை மாதக் கணக்கில் அளப்பதைவிட, அது நாயின் கயிற்றை எவ்வளவு நீட்டியிருக்கிறது என்று அளப்பதே சரியான முறையாகும். ஆறு மாதம் பழக்கிய பின், முன்பு போக முடியாத இடத்துக்கு நாயால் போக முடிகிறதா, முன்பு கட்டிவைக்க வேண்டியிருந்த நேரத்தில் அவிழ்த்துவிட முடிகிறதா, விருந்தினர் வரும்போது அறையில் அடைக்காமல் உடன் இருக்கவிட முடிகிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். நாய் நூறு கட்டளைகளைக் கற்று, கயிறு மட்டும் முதல்நாள் இருந்த நீளத்திலேயே இருக்குமானால், அங்கே நடந்தது பயிற்சி என்னும் பெயரில் ஓர் அடிமைத்தனமே.

இதே மரபு உயிர் முதிர்ச்சி அடையும் வழியை நான்காக வகுக்கிறது. சரியை என்பது உடலால் செய்யும் தொண்டு; உழவாரம் ஏந்திக் கோயில் முற்றத்தைச் செதுக்கிய அப்பர் அதற்குச் சான்று; ஆண்டானுக்கும் அடியானுக்கும் உள்ள இவ்வுறவு தாசமார்க்கம் எனப்படும். கிரியை என்பது பூசை. அதில் உறவு தந்தை மகன் உறவாக மாறுகிறது. ஞானசம்பந்தர் அதன் சான்று. அது சற்புத்திர மார்க்கம். யோகத்தில் உறவு தோழமையாகிறது. சுந்தரர் நடந்த அவ்வழி சகமார்க்கம். ஞானத்தில் மாணிக்கவாசகர் நின்ற சன்மார்க்கம் கைகூடுகிறது. இவ்வரிசையில் கவனத்துக்குரியது, கீழ்ப்படிதல் முதற்படியாக மட்டுமே வைக்கப்பட்டிருப்பது. தொண்டு பின்னைய நிலைகளிலும் தொடரும்; ஆனால் ஏவலுக்குச் செய்யும் தொண்டாக அது இருப்பதில்லை. தோழரான சுந்தரர் இறைவனோடு வழக்காடுகிறார், உரிமையோடு கேட்கிறார், பரவையாரிடம் தூது அனுப்புகிறார். திருப்பூரை அடுத்த அவிநாசியில், முதலை விழுங்கிய பிள்ளையை அவர் பாடி மீட்டதாகச் சொல்லப்படும் வரலாறு இன்றும் அவ்வூர்க் கோயிலின் பெருமையாகப் பேசப்படுகிறது. அங்கே இறைவனிடம் அவர் நின்ற நிலை தோழனின் நிலை.

நாய்க்கும் மனிதருக்கும் உள்ள உறவை இவ்வரிசையில் வைத்துப் பார்ப்பது வலிந்து பொருத்துவதாகாது. முதலில் குட்டி கையிலுள்ள தீனிக்காக உட்காருகிறது. பின்னர் வீட்டாரின் முகத்தைப் பார்த்து, அவ்வீட்டைச் சேர்ந்ததாகத் தன்னை உணர்ந்து நடக்கிறது. அதற்குப் பின் அது தன் தீர்மானத்தையும் உறவுக்குள் கொண்டுவரத் தொடங்குகிறது. பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களின் பயிற்சி இதை ஐயமற விளக்கும். 'முன்னே போ' என்று எசமானர் சொன்னாலும், எதிரே வண்டி வருமானால் அந்த நாய் நகர மறுக்க வேண்டும்; அம்மறுப்பும் அதற்குக் கற்பிக்கப்படுகிறது. இத்துறையின் மிகக் கடினமான பாடம் அறிந்து மீறும் ஆற்றலைத் தருவதாகவே அமைந்திருக்கிறது என்பது, பயிற்சியின் இலக்கைக் கீழ்ப்படிதல் என்று குறுக்குவோர் நின்று எண்ண வேண்டிய செய்தி. கயிற்றை நீட்டுவது என்றால் இறுதியில் தீர்மானத்தின் ஒரு பகுதியை நாயிடமே ஒப்படைப்பது என்றும் பொருள்படும். நான்காம் நிலையான ஞானத்தை நாயோடு பொருத்த முடியாது. அதற்கு முயல்வதும் தேவையற்றது.

இவ்வுவமை முறியும் இடமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. பதி உயிரிடமிருந்து எதையும் வேண்டுவதில்லை. உயிரின் பொருட்டே உயிரைப் பழக்குகிறான். நாயை வளர்ப்பவரோ காவலையும் துணையையும் பெருமையையும் வேண்டுகிறார். இறைவனை நோக்கித் தன்னை 'நாயேன்' என்று சொல்லிக்கொள்ளும் அடியவர் அந்தத் தாழ்வைத் தாமே விரும்பி ஏற்கிறார். கேட்டில் கட்டப்பட்ட நாய் எதையும் ஏற்றுக்கொண்டு அங்கே வரவில்லை. ஆகவே வளர்ப்பவர் தம்மைப் பதியின் இடத்தில் வைத்துக்கொள்ளும் தகுதி உடையவர் அல்லர். அவரும் ஆணவத்தால் கட்டுண்ட மற்றொரு பசுவே. நாய் கேட்கக் கேட்கக் கட்டளையைக் கூட்டிக்கொண்டே போவதில் அவருக்கு உண்டாகும் இன்பம், நாயின் கட்டைத் தளர்த்துவதால் வருகிறதா, தம் ஆணவம் தடித்து வருவதால் வருகிறதா என்பதை அவர் தம்மையே சோதித்து அறிய வேண்டியிருக்கிறது. வந்தவர் முன்னிலையில் நாயை மீண்டும் மீண்டும் உட்காரச் சொல்லும் பழக்கம் பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

பௌத்தம் இதே கேள்வியை வேறொரு பக்கத்திலிருந்து அணுகுகிறது. அங்குத்தர நிகாயத்தில் கேசி என்னும் குதிரைப் பயிற்சியாளர் புத்தரைச் சந்திக்கிறார். மென்மையாலும் கடுமையாலும் இரண்டையும் கலந்தும் குதிரையைப் பழக்குவதாகவும், எதற்கும் பணியாத குதிரையைத் தம் ஆசிரியர் குலத்துக்கு இழுக்கு வராதபடி கொன்றுவிடுவதாகவும் அவர் சொல்கிறார். புத்தரும் தம்மிடம் அம்மூன்று வழிகளும் உண்டு என்று கூறி, எதற்கும் அடங்காதவரைத் தாமும் 'கொல்வதாக'ச் சொல்லி, இனி அவரைப் பேசித் திருத்தத் தக்கவராகக் கருதாமையே அந்தக் கொலை என்று விளக்குகிறார். பேசுவதை நிறுத்துவதே கொலை என்னும் இக்கருத்து, நாயைப் பழக்குவதை எப்போது நிறுத்தலாம் என்று கேட்போருக்கு ஓர் எச்சரிக்கை. மூன்று மாத கோர்ஸ் முடிந்தது என்று மாஸ்டர் விடைபெற்றபின் வீட்டார் எவரும் நாயோடு பேசாமல் விட்டுவிட்டால், அங்கே முடிந்தது பயிற்சி மட்டுமாக இருக்காது.

பயிற்சிக்கு முடிவு உண்டு என்பதையும் பௌத்தம் தெளிவாகச் சொல்கிறது. நெறியில் நின்று இன்னும் கற்பவரைச் சேகர் என்றும், கற்க வேண்டியதைக் கற்று முடித்த அருகரை அசேகர் என்றும் அது பிரிக்கிறது. முடிவு தெரியாத பயிற்சியின் கேட்டை மச்சிம நிகாயத்தின் குக்குரவதிக சூத்திரம் காட்டுகிறது. சேனியர் என்னும் துறவி நாய் விரதம் பூண்டு, நாயைப் போல் சுருண்டு படுத்து, தரையில் எறிந்த உணவை உண்டு நெடுங்காலம் கழிக்கிறார். அதன் பயன் என்ன என்று கேட்கப்பட்டபோது, முழுமையாகப் பயிலப்பட்ட நாய் விரதம் நாய்களின் கூட்டத்தில் பிறப்பதற்கே வழிவகுக்கும் என்று புத்தர் விடையளிக்கிறார். சேனியர் அழுகிறார். பின்பு சங்கத்தில் சேர விரும்பியபோது, பிற நெறியினர் நான்கு மாதம் சோதனைக் காலத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லப்பட, நான்கு ஆண்டுகள் இருக்கவும் தாம் ஆயத்தம் என்கிறார். இறுதியில் அவர் அருகர் ஆனதாகச் சூத்திரம் முடிகிறது. இலக்கை அறியாமல் நெடுங்காலம் பயின்றதும், இலக்கை அறிந்தபின் எவ்வளவு காலமாயினும் பயில்வேன் என்றதும் ஒரே மனிதரின் வாழ்வில் நிகழ்ந்தவை. காலத்தின் அளவு இரண்டு இடத்திலும் இரண்டாம் நிலைச் செய்தியாகவே இருக்கிறது.

கொங்கு நாட்டில் ஒரு காலத்தில் செழித்திருந்த சமணம், இவ்விவாதத்துக்கு இன்னும் கறாரான ஓர் அளவைத் தருகிறது. திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் இடையிலுள்ள விசயமங்கலத்துச் சமணக் கோயில் அக்காலத்தின் எச்சம். உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில், இல்லறத்தார் கொண்ட கொல்லாமை விரதத்துக்கு நேரும் ஐந்து குற்றங்களைக் கூறுகிறது: உயிர்களைக் கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிய சுமை ஏற்றுதல், உணவும் நீரும் தராது தடுத்தல். பழைய முறை நாய்ப் பயிற்சியில் இவற்றுள் சில எளிதாக இடம்பெற்றுவிடும். பசியோடு இருந்தால் சொன்னபடி கேட்கும் என்று ஒருவேளைச் சோற்றை நிறுத்துவோர் இன்றும் உள்ளனர். இந்நூலின் பார்வையில், அத்தகைய பயிற்சிக்கு ஒரு நாள்கூட நீளம்தான். இந்தியாவின் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவும் இதற்கு அருகில் வருகிறது. நியாயமற்ற அளவுக்குக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் ஒரு விலங்கை நியாயமற்ற நேரம் கட்டிவைப்பது குற்றம் என்றும், வழக்கமாகக் கட்டியே வைக்கப்படும் நாயை அதன் உரிமையாளர் போதிய அளவு நடமாட விடாததும் குற்றம் என்றும் அது சொல்கிறது. கயிற்றின் நீளம் மெய்யியலில் மட்டும் பேசப்படும் பொருளன்று.

அடியையும் பட்டினியையும் நாய் மன்னித்துவிடுகிறதே என்று சிலர் வாதிடுவதுண்டு. நாலடியார், நெடுநாள் பழகியும் பாகனைக் கொல்லும் யானையின் நட்பைவிட, தன் உடலில் எசமானர் எறிந்த வேல் தைத்திருக்கும்போதும் வாலாட்டும் நாயின் நட்பே கொள்ளத்தக்கது என்கிறது. நட்பின் உயர்வுக்கு இது சான்றாகலாம். பயிற்சி முறையின் நியாயத்துக்குச் சான்றாகாது. வேல் தைத்தும் ஆடும் வாலை, வேல் எறிந்தவர் தமக்கு அளிக்கப்பட்ட ஒப்புதலாகக் கொள்ளலாகாது. மகாபாரதத்தின் தொடக்கத்தில், வேள்விப் பொருளைப் பார்க்கவோ நக்கவோ செய்யாத குட்டியை சனமேசயனின் தம்பியர் அடித்ததற்காக, அதன் தாய் சரமை அவனைக் கேள்வி கேட்டுச் சபிக்கிறாள். அதே காப்பியத்தின் முடிவில், யாரும் அழைக்காமலே உடன் நடந்துவந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்குத் தேர் ஏற மறுக்கிறான் தருமன். இரு நிகழ்ச்சியிலும் நாய் எவருடைய கட்டளைக்கும் உட்பட்டதாக இல்லை.

கொங்கு மண்ணின் கதை மரபிலும் இத்தகைய நாய் ஒன்று உண்டு. பொன்னர், சங்கர் என்னும் அண்ணன்மார் வரலாற்றை உடுக்கடித்துப் பாடும் பாடகர் ஒருவரிடமிருந்து, காங்கேயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் 1965-இல் மானிடவியலாளர் பிரெண்டா பெக் அக்கதையை ஒலிப்பதிவு செய்தார். அப்பாடத்தில் வரும் பொன்னாச்சி மிகச் சிறிய பெண் நாய். கொம்பன் என்னும் பெரும் பன்றியை வேட்டையாடப் புறப்பட்ட வீரர்கள் இந்தச் சிறு நாயால் என்ன ஆகும் என்று அதை விட்டுவிட்டுச் செல்ல, அதன் சினத்தால் வேட்டைப் படை நோயுற்று முடங்குகிறது. பிழையை உணர்ந்து உரிய மதிப்போடு அதை அழைத்துவந்த பிறகே பன்றி வீழ்கிறது. பொன்னாச்சிக்கு யாரும் வேட்டை கற்பித்ததாகக் கதையில் பெரிதாகச் சொல்லப்படவில்லை. அதை மதித்து அழைத்தார்களா என்பதிலேயே வெற்றியும் தோல்வியும் தங்கியிருக்கின்றன. நாய்க்கென்று ஓர் அறிவு உண்டு, அதை அழைக்கத் தெரிவதே மனிதரின் பங்கு என்னும் இந்த நோக்கு, கட்டளைகளின் எண்ணிக்கையால் பயிற்சியை அளக்கும் நோக்கைவிட ஆழமானது.

பயிற்சியின் எல்லையைக் குறிக்காமல் விடுவதால் என்ன நேரும் என்பதை இத்தொழில் வட்டாரம் மனிதர் வாழ்விலேயே கண்டிருக்கிறது. மனிதரையும் நாயையும் ஒரு தட்டில் வைப்பதற்காக இது இங்கே சொல்லப்படவில்லை. மனிதருக்கு இழைக்கப்பட்ட தீங்கு தன்னளவிலேயே கொடியது. மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்னும் பெயரில் இளம்பெண்கள் பயிற்சித் தொழிலாளராகச் சேர்க்கப்பட்டு, மூன்றாண்டு அளவில் விடுதியிலேயே தங்கவைக்கப்பட்டு, திருமணத்துக்கு உதவும் ஒரு தொகை இறுதியில் தரப்படும் என்ற வாக்கின்பேரில் குறைந்த கூலிக்கு வேலை வாங்கப்பட்டனர். சில மாதங்களில் கைவந்துவிடும் வேலைக்கு மூன்றாண்டுப் பயிற்சி எதற்கு என்பதே தொழிற்சங்கங்களும் மனித உரிமை அமைப்புகளும் எழுப்பிய கேள்வி. பனியன் கம்பெனிகளிலோ, தையல்காரருக்கு உதவியாளாகக் கைமடிக்கச் சேர்ந்த பையன் ஓரிரு ஆண்டுகளில் ஓவர்லாக், பவர் டேபிள் போன்ற தையல் எந்திரத்தில் உட்கார்ந்துவிட வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு உண்டு. பல ஆண்டு கழித்தும் ஒருவனைக் கைமடியிலேயே வைத்திருக்கும் இடத்தில் அவனுக்கு எதுவும் கற்பிக்கப்படவில்லை என்பது எல்லோருக்கும் விளங்கும். கற்பிப்பவருக்கு ஆதாயம் தரும் பயிற்சி தானாக முடிவதில்லை. அதனாலேயே அதற்கு வெளியிலிருந்து ஓர் எல்லை வேண்டியிருக்கிறது, கற்பவர் வாய்பேச முடியாத உயிராக இருக்கும்போது இன்னும் கூடுதலாக.

மறுபுறம், நாயின் உரிமையை எண்ணிப் பயிற்சியைச் சீக்கிரம் கைவிடுவதும் அறமாகாது. வீட்டாரையும் நாயையும் தவிர மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். காங்கேயம், வெள்ளகோவில் பகுதிகளில் அண்மை ஆண்டுகளில் பட்டியில் அடைத்திருந்த ஆடுகளை நாய்கள் கடித்துக் குதறியதும், செத்த ஆடுகளோடு விவசாயிகள் சாலைக்கு வந்து இழப்பீடு கேட்டதும் நாளிதழ்களில் தொடர்ந்து வந்த செய்திகள். தெரு நாய்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 11-இல் பிறப்பித்த ஆணையைப் பதினொரு நாளில் திருத்த நேர்ந்ததும், பின்னர் நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து அவற்றை அகற்றச் சொன்னதும், இவ்விவகாரத்தில் இரு தரப்பின் வேதனையும் எவ்வளவு கூர்மையானது என்பதற்குச் சான்று. தெருவில் திரியும் நாய்களுள் ஒரு பகுதி, வீட்டில் வளர்ந்து, எட்டாம் மாதத்தின் மீறலைப் பொறுக்காதவரால் விடப்பட்டவை அல்லது அவற்றின் வழிவந்தவை. அழைத்தால் வராத நாயை அவிழ்த்துவிடுவது அதற்குத் தரும் விடுதலை ஆகாது. இரவு ஷிப்ட் முடிந்து லைன் வீட்டுக்கு நடந்து திரும்பும் பெண்ணின் மேலும், ஆட்டுக்காரரின் மேலும் சுமத்தும் ஆபத்து அது. கயிறு நீளலாம் என்பது, நீள்வதற்குரிய தகுதியை நாய்க்கு உண்டாக்கும் வரை வளர்ப்பவர் ஓயக்கூடாது என்பதையும் உள்ளடக்கியது. பருவ மீறல் தணியும் ஒன்றரை, இரண்டு வயது வரை முறையான பயிற்சியைக் கைவிடாதிருப்பது இதனால் கட்டாயக் கடமையாகிறது; மூன்று மாதத்தில் முடிந்தது என்பது பெரும்பாலான நாய்கள் விஷயத்தில் உண்மையாவதில்லை.

அதற்குப் பிறகு என்ன என்பதற்குச் சித்தாந்தமே விடை வைத்திருக்கிறது. மெய்கண்டாரின் கொள்கைப்படி முத்தி நிலையிலும் ஆணவ மலம் அழிந்துபோவதில்லை. அதன் வலிமை மட்டுமே ஒடுங்குகிறது. ஆகவே சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம், ஞானம் கைவந்தவரும் அடியவர் கூட்டத்தோடு சேர்ந்திருக்க வேண்டும், திருவேடத்தையும் கோயிலையும் இறைவன் எனவே கண்டு வழிபட வேண்டும் என்று விதிக்கிறது. ஏதோ ஒன்றைப் பெறுவதற்காகச் செய்த வழிபாடு அங்கே முடிந்துவிட்டது. பெற்றதில் நிலைப்பதற்காகவும் அன்பினாலும் செய்வது தொடர்கிறது. துரத்தும் இயல்பு அழிந்த நாய் என்று ஒன்று கிடையாது. அடங்கியிருக்கும் நாய் உண்டு. இரண்டு வயதைக் கடந்த நாய்க்குப் புதிய கட்டளைகள் தேவையில்லை. 'வா', 'நில்', 'விடு' என்னும் மூன்று சொற்கள் உயிர் காப்பவை, அவை வாழ்நாள் முழுதும் மங்காமல் இருக்க வேண்டும். அவற்றுக்கென்று தனிப் பாடவேளையும் வேண்டியதில்லை. காலை நடையில் சாலை ஓரத்தில் நிற்கச் சொல்வதும், கேட்டுக்கு அப்பால் போன நாயை அழைத்து வந்ததும் தடவிக்கொடுப்பதுமே போதும். காலணி எடுத்துவருவது, கைகொடுப்பது போன்ற வித்தைகளை நாய் விரும்பிச் செய்தால் தொடரலாம். தலையைத் திருப்பிக்கொண்டு கொட்டாவி விடத் தொடங்கினால் அது சொல்வது என்ன என்று பழகியவருக்குத் தெரியும். அங்கே நிறுத்திவிட வேண்டும்.

வயது முதிரும்போது பயிற்சியின் திசையே மாறிவிடுகிறது. நெடுங்காலம் உண்மையாக உழைத்த நாயை, அது உழைக்க இயலாத வயதிலும் இறக்கும் வரை காப்பதே எசமானரின் கடன் என்று கான்ட் தம் அறவியல் விரிவுரைகளில் சொன்னார். விலங்கின்பால் மனிதருக்கு நேரடியான கடமை ஏதும் இல்லை, அக்கடமை மனிதத்தன்மைக்கே உரியது என்பது அவர் கொண்ட நிலைப்பாடு. அந்நிலைப்பாடு குறுகியது. பத்தாண்டு ஒருவர் முகத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்டு வந்த உயிருக்கு, அந்த முகத்துக்கு உரியவர் நேராகவே கடன்பட்டிருக்கிறார். பத்துப் பன்னிரண்டு வயதில் பல நாய்களுக்குக் காது மந்தமாகும். அழைத்தும் வராத கிழநாயைத் திமிர் பிடித்ததாக எண்ணி அதட்டுவோர் உண்டு. இதை அறிந்த பயிற்சியாளர்கள் முதல் ஆண்டிலேயே ஒவ்வொரு சொல்லோடும் ஒரு கைச்சைகையையும் சேர்த்தே கற்பிக்கின்றனர். சொல் எட்டாத வயதில் அச்சைகை எட்டும். கண்ணும் மங்கிய பின் தரையில் காலைத் தட்டி அதிர்வால் அழைக்கலாம். அந்த வயதில் கற்க வேண்டியவை நாயைவிட வீட்டாருக்கே அதிகம்: எந்த நேரத்தில் அதற்கு வெளியே போக வேண்டும், எந்தப் படியில் அதன் பின்னங்கால் தடுக்குகிறது, எந்த முனகல் வலி, எந்த முனகல் துணை வேண்டுவது என்பவற்றை அவர்கள் நாளும் கற்றுக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.